சுவரைத் திட்டாதீர்கள், வயரை இழுங்கள்!

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் சுவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். "ஹால்ல சூப்பரா வருது சார். பின் ரூமுக்குப் போனா செத்துப்போகுது. தாத்தா காலத்துச் சுவரு, என்ன பண்றது?"

சுவர் பாவம். அது தன் வேலையைத்தான் செய்கிறது. வெயிலைத் தடுக்கிறது, சத்தத்தைத் தடுக்கிறது, திருடனைத் தடுக்கிறது. கூடவே ரேடியோ அலையையும் தடுக்கிறது. அலையை மட்டும் விட்டுவிடு என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினைந்து, இருபது மீட்டர் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, அந்தச் சோம்பலுக்கு மாதா மாதம் பணம் கட்டுகிற பழக்கம்தான் இங்கே குற்றவாளி. அந்தப் பழக்கத்தில் லாபம் பார்க்கும் வியாபாரமும், வயர் போக ஒரு பைப்கூட விடாமல் வீடு கட்டித் தள்ளும் கட்டுமானமும் கூட்டுக் குற்றவாளிகள்.

சரி, விஷயத்துக்கு வரலாம்.

இரண்டு வகை வீடு, ஒரே வியாதி

இந்த வட்டாரத்தில் கனத்த சுவர் இரண்டு வகை. ஒன்று பழசு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும் இன்னும் மிச்சமிருக்கும் காரை வீடுகள். செங்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரைக் கல் கனத்தில் பதிமூன்றரை அங்குலச் சுவர், மேலே தேக்கு உத்திரத்தின் மீது செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய மெட்ராஸ் டெரஸ். மே மாதத்தில் உள்ளே போனால் ஏசி போட்ட மாதிரி இருக்கும். அந்தக் குளிர்ச்சியைக் கொடுப்பதும் அதே சுவர்தான்.

இன்னொன்று புதுசு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்தது. வேலைக்கு ஆள் வர வர, மாத்தூர், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று எங்கு பார்த்தாலும் அறை அறையாகப் பிரித்துக் கட்டிய வாடகைக் கட்டடங்கள் முளைத்தன. பழைய வீட்டில் சுவர் கனம். இங்கே சுவர் மெல்லிசு, ஆனால் எண்ணிக்கை அதிகம். அறைக்கு அறை தடுப்பு, கான்கிரீட் தூண், தளத்துக்குள் கம்பி, ஒவ்வொரு அறையிலும் ஓர் இரும்பு பீரோ. ஓனர் மாடிப்படிக்குக் கீழே ஒரு ரவுட்டரை மாட்டிவிட்டு "வைஃபை வசதி உண்டு" என்று சொல்லிவிட்டால், அது படிக்கட்டுக்கு உண்டு, கடைசி அறைக்கு இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இது கைப்பேசி செய்கிற ஊர். நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்படும் வரை இங்கிருந்து கோடிக்கணக்கான கைப்பேசிகள் போயின. இப்போது ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து ஐபோன்கள் போகின்றன. உலகத்துக்கே போன் செய்து அனுப்பும் பெண், ஷிப்ட் முடித்து அறைக்கு வந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டால் அம்மா முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. "சுவரு அப்படி" என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. அவளும் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறாள்.

சுவருக்குள் என்ன நடக்கிறது?

வைஃபை என்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம். ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். முதலாவதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். இரண்டாவதற்கு அதில் பாதிக்கும் குறைவு. பொதுவாக, அலைநீளம் குறையக் குறைய சுவரைத் தாண்டும் தெம்பும் குறையும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமான ஓட்டக்காரன், ஆனால் சுவர் ஏறத் தெரியாது. 2.4 மெதுவானவன், சுவர் ஏறுவான். ஆனால் அந்தத் தெருவிலேயே கூட்டம். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான்.

குறைவதை டெசிபெல் என்ற கணக்கில் அளப்பார்கள். 3 டெசிபெல் போனால் சக்தி பாதியாகும். 10 போனால் பத்தில் ஒரு பங்கு. 20 போனால் நூறில் ஒரு பங்கு. 30 போனால் ஆயிரத்தில் ஒரு பங்கு. உதாரணத்துக்கு ஒரு கனத்த சுவர் 10 டெசிபெல் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலுக்கும் பின் அறைக்கும் நடுவில் மூன்று சுவர். ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மழைக்காலத்தில் சுவர் ஓதம் பிடித்தால் அதிலும் குறையும், தண்ணீர் இந்த அலைகளை நன்றாகக் குடிக்கும். இதெல்லாம் ஊகம் இல்லை. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 1997-லேயே செங்கல், கான்கிரீட், மரம், கண்ணாடி என்று ஒவ்வொன்றின் வழியாகவும் ரேடியோ அலையை விட்டு எவ்வளவு குறைகிறது என்று அளந்து அறிக்கை போட்டது. மெல்லிய மரப் பலகையும் கண்ணாடியும் லேசில் விட்டுவிடும், கனத்த கான்கிரீட் விடாது என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பின் அறைக்காரரின் பலவீனமான சிக்னல் அவர் பிரச்சினை மட்டும் இல்லை. வைஃபையில் ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். தூரத்தில் இருக்கும் போன் மெதுவாகப் பேசுவதால், ஒரே சேதியைச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அது வரைக்கும் ஹாலில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் டிவியும் காத்திருக்க வேண்டும். ஒரு மெதுவான கருவி மொத்தக் கூட்டத்தையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடுகிறது என்பதை 2003-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதாவது பின் அறையைக் கவனிக்காத வீட்டில் முன் அறையும் தண்டனை அனுபவிக்கும்!

பலிக்காத நாலு வைத்தியம்

வியாதி தெரிந்தாயிற்று. கடைத்தெருவில் விற்கும் மருந்துகளைப் பார்க்கலாம்.

முதல் வைத்தியம்: "பிளானை உயர்த்துங்க சார்." 100 எம்பிபிஎஸ் போதவில்லையா, 300 போடுங்கள் என்பார்கள். வாசலில் வந்து இறங்கும் தண்ணீர் லாரியைப் பெரிதாக்கினால் சமையலறைக் குழாயில் தண்ணீர் அதிகம் வருமா? நடுவில் இருக்கும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறதே! பின் அறையில் 4 எம்பிபிஎஸ் வந்துகொண்டிருந்தால், பிளானை மூன்று மடங்கு ஆக்கினாலும் அதே 4-தான் வரும். மாதா மாதம் கட்டும் பணம் மட்டும் கூடும்.

இரண்டாவது வைத்தியம்: "ஆறு ஆன்டெனா ரவுட்டர்." சிலந்தி மல்லாந்து படுத்த மாதிரி ஒரு கருவி. இதில் ஒரு எளிய விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். இணையம் ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் மைக் வைத்துக் கத்தினால் மட்டும் போதாது, போனும் பதில் சொல்லி அது ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். போனின் ஆன்டெனா சின்னது, பேட்டரியும் சின்னது. அதன் குரல் அவ்வளவுதான். அதனால்தான் சில வீடுகளில் போனில் சிக்னல் கோடு நிறையத் தெரியும், ஆனால் ஒன்றும் திறக்காது. ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கவில்லை. தவிர, எவ்வளவு சத்தமாகக் கத்தலாம் என்பதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு.

மூன்றாவது வைத்தியம்: ரிப்பீட்டர். பிளக்கில் சொருகினால் போதும் என்று விற்கப்படுவது. இதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் செய்யும் வேலை, சிக்னல் வராத அறையிலேயே கொண்டுபோய்ச் சொருகுவது. காது கேட்காத இடத்தில் நிற்பவன் என்னத்தை எடுத்துச் சொல்வான்? பாதி வழியில் வைத்தாலும், ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு அலைவரிசை உள்ளது கொஞ்சம் தேவலை. 'மெஷ்' என்று விற்கும் செட் இன்னும் தேவலை. ஆனால் அதுவும் காற்று வழியாகவே ஒன்றோடு ஒன்று பேசும் வரை, நடுவில் நிற்பது அதே பதிமூன்றரை அங்குலம்தான். மெஷ் பெட்டிக்குப் பின்னாலேயே வயர் சொருகும் ஓட்டை இருக்கிறது. செய்தவனுக்குத் தெரியும், விற்பவன்தான் சொல்வதில்லை.

நாலாவது வைத்தியம்: "புதுசு வருது, எல்லாம் சரியாயிடும்." 5ஜி வந்தால் வைஃபையே வேண்டாம் என்றார்கள். 2022 அக்டோபரில் 5ஜி வந்தது. வேகம் வந்தது, சுவர் போகவில்லை. வயரே இல்லாத பிராட்பேண்ட் என்று 2023-இல் ஏர்ஃபைபர் வந்தது. ஜியோ ஏர்ஃபைபரை எப்படி மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். மொட்டைமாடியில் ஒரு ரிசீவர், அங்கிருந்து வீட்டுக்குள் ஒரு வயர்! காற்றில் இணையம் விற்பவர்களே சுவரைத் தாண்ட வயரைத்தான் நம்புகிறார்கள்.

வைஃபையின் போக்கையே பாருங்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005 ஜனவரியில் உரிமம் தேவையில்லாததாக ஆக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018 அக்டோபரில் திறந்துவிடப்பட்டது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைத் திறப்பதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வந்தன. ஒவ்வொரு படியிலும் வேகம் கூடுகிறது, சுவரைத் தாண்டும் சக்தி குறைகிறது. அடுத்த தலைமுறை வைஃபை இருக்கும் அறையிலேயே அடங்கிப்போகிற வைஃபை. அப்படியானால் அறைக்கு அறை வயர் தேவை என்பது நாளுக்கு நாள் கூடுமே தவிரக் குறையாது.

ஃபேக்டரியில் இப்படிச் செய்வார்களா?

வீட்டில் சுவரைத் திட்டும் இதே ஆட்கள் காலையில் வேலைக்குப் போகிறார்கள். அங்கே என்ன இருக்கிறது? தலையைத் தூக்கிப் பார்த்தால் கூரைக்குக் கீழே கேபிள் ட்ரே. வயர் கட்டு கட்டாகப் போகும். அங்கங்கே இறங்கி, தேவையான இடத்தில் ஒரு வைஃபை பெட்டி. எந்தத் தொழிற்சாலையாவது செக்யூரிட்டி ரூமில் ஒரு ரவுட்டரை வைத்துவிட்டு, "அசெம்பிளி லைன்ல சிக்னல் வரலையா, பிளானை உயர்த்து" என்று சொல்லுமா? சொன்னால் அந்த ஐடி மேனேஜர் அடுத்த நாள் வேலையில் இருப்பாரா?

ஆனால் வீட்டில் நடப்பது அதேதான். கனெக்ஷன் கொடுக்க வருபவர் ஃபைபரை வாசல் பக்கத்து ஜன்னல் வழியாக நுழைத்து, டிவிக்குப் பின்னால் பெட்டியை வைத்து, ஹாலில் நின்று ஸ்பீடு டெஸ்ட் காட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு இருக்கும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுக்காரர்தான் "உள்ளே கொண்டு வாங்க" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்பதில்லை. பெட்டி ஷோகேஸில் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்துவிடுகிறது.

இத்தனைக்கும் இது இராமானுசர் பிறந்த ஊர். 1017-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் அவர், தனக்கு ரகசியமாக உபதேசிக்கப்பட்ட மந்திரம் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று திருக்கோஷ்டியூர் கோபுரத்தின் மேல் ஏறி நின்று சொன்னார் என்பது வைணவர்கள் காலம் காலமாகச் சொல்லிவரும் கதை. எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்றால் உயரத்தில், மறைப்பில்லாத இடத்தில் நிற்க வேண்டும் என்பது ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்த ஊரில், ரவுட்டரை டிவிக்குப் பின்னால், பீரோவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைக்கிறார்கள்!

யாருக்கு நஷ்டம் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முன் ஹால் யாருடையது? டிவி பார்ப்பவருடையது, விருந்தாளியுடையது. பின் அறை யாருடையது? படிக்கிற பிள்ளையுடையது, நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவருடையது, சமையலறையில் நிற்கிற அம்மாவுடையது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடி, பாடம் போனுக்குள் வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. நெட் கனெக்ஷன் இருந்த வீட்டிலேயே பிள்ளைகள் திண்ணையிலும் மாடிப்படியிலும் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். வீட்டுக்குள் இணையம் வந்தது, பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரவில்லை.

அப்படியென்ன கம்ப சூத்திரம் இந்த வயரில்?

ஒன்றும் இல்லை. கேட்-5இ என்ற சாதாரண நெட்வொர்க் கேபிளில் 1 கிகாபிட் வேகம் 100 மீட்டர் வரை போகும். எந்த வீடும் 100 மீட்டர் நீளம் இல்லை. சுவரில் விரல் நுழையும் அளவு ஓர் ஓட்டை இருந்தால், சுவர் பதிமூன்று அங்குலமா மூன்று அடியா என்ற கேள்வியே வயருக்குக் கிடையாது. கோட்டைச் சுவரையும் அது மதிக்காது.

செலவில்லாத காரியத்திலிருந்து வரிசையாகச் செய்யலாம்.

முதலில் அளப்பது. போனில் வைஃபை சிக்னலை எண்ணில் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு, அறை அறையாக நடக்க வேண்டும். மைனஸ் 50 பக்கம் இருந்தால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் அந்த அறை பாலைவனம். இந்த எண்களை ஒரு தாளில் குறித்தாலே எந்தச் சுவர் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து இடம் மாற்றுவது. ரவுட்டர் வீட்டின் நடுவில், பரண் உயரத்தில், இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி இவற்றுக்குத் தள்ளி இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவிலிருந்து அலை பரவும் வடிவம் மெதுவடை மாதிரி. பக்கவாட்டில் கனம், மேலும் கீழும் ஓட்டை. அதனால் நேர் மேலே இருக்கும் மாடி அறைக்குச் சிக்னல் குறைவாக இருக்கும். புதிதாக கனெக்ஷன் வாங்குபவர்கள், ஃபைபர் இழுக்க வருபவர் கையிலிருக்கும்போதே நடு அறை வரை கொண்டுவரச் சொல்ல வேண்டும். அது மெல்லிய இழைதான், வென்டிலேட்டர் வழியாகவே போகும். கூர்மையாக மட்டும் மடிக்கக் கூடாது.

பிறகு வயர். ரவுட்டரிலிருந்து பின் அறைக்கு ஒரு கேபிள். பழைய வீடுகளில் புதிதாகத் துளை போட வேண்டிய அவசியம்கூட இருக்காது. வென்டிலேட்டர், ஜன்னல் சட்டத்தின் மூலை, பழைய டிவி கேபிள் வந்த ஓட்டை, ஏசிக்குப் போட்ட துளை என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். சுவரோரமாக பிளாஸ்டிக் கேசிங் அடித்து மூடிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. கேபிள் வாங்கும்போது சுத்தச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் ஒடியும். வெயில் படும் இடத்தில் வெளிப்புறத்துக்கென்றே செய்த கேபிள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிப்பது மட்டும் கூடவே கூடாது. அது ஆபத்து.

கடைசியாக அந்தப் பக்கம் ஒரு பெட்டி. புதிதாக வாங்க வேண்டியதில்லை. பல வீடுகளில் பழைய ரவுட்டர் ஒன்று பரணில் தூசி தின்றுகொண்டிருக்கும். அதன் செட்டிங்கில் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்திவிட வேண்டும். வீட்டில் முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்கலாம், அது முதல் ரவுட்டர். பெட்டியின் உள்முகவரியையும் முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்ற வேண்டும். கேபிளை 'வேன்' ஓட்டையில் சொருகாமல் 'லேன்' ஓட்டையில் சொருக வேண்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரவுட்டரில் உள்ளதே. 2.4-இல் ஒன்றுக்கு 1 என்ற சேனல் வைத்தால் இன்னொன்றுக்கு 6 அல்லது 11. அவ்வளவுதான். போன் எந்தப் பெட்டி அருகிலிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து வேலை. இதற்குப் பயந்துகொண்டா வருடக்கணக்காக பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவது?

ஓனர் என்ற இன்னொரு சுவர்

"இதெல்லாம் சொந்த வீட்டுக்காரனுக்குச் சரி. வாடகைக்காரன் என்ன செய்வான்?" நியாயமான கேள்வி. "தம்பி, சுவத்துல ஓட்டை போடாதீங்க" என்பது இந்த வட்டாரத்தில் வாடகைக்குப் போகிறவர்கள் சாவி வாங்கும்போதே கேட்கும் வசனம்.

இங்கேதான் பிரச்சினை தனி வீட்டை விட்டு வெளியே வருகிறது. ஓர் அறையில் நாலைந்து பேர் தங்கி, சம்பளத்தில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்புகிற தொழிலாளிக்கு இணையம் வெறும் சினிமா பார்க்க இல்லை. ஊரிலிருக்கும் குழந்தை முகம் பார்க்க, பணம் அனுப்ப, அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போட, அஞ்சல் வழியில் டிகிரி படிக்க. அவர் கொடுக்கும் வாடகையில் சுவருக்கும் பங்கு உண்டு. அப்படியிருக்க, கட்டும்போதே அறைக்கு ஒரு பைப் விட்டு வயர் இழுத்து வைப்பது ஓனர் செய்யும் தானம் இல்லை. வாங்கும் வாடகைக்குக் கொடுக்க வேண்டிய பொருள். அறைக்கு அறை டிவி கேபிள் இழுக்க மனசு வந்தவர்களுக்கு இதற்கு ஏன் வரவில்லை?

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும்படி சுமார் 706 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பத்து மாடிக் கட்டடங்கள். இப்படிப்பட்டவை இனி நிறைய வரும். வர வேண்டும். அவற்றின் வரைபடத்தில் தண்ணீர் பைப், கழிவுநீர் பைப், கரண்ட் பைப் எங்கே போகிறது என்று கோடு இருக்கும். அதோடு நாலாவது கோடு ஒன்று ஒவ்வொரு மாடிக்கும், ஒவ்வொரு தாழ்வாரத்துக்கும் போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கான்கிரீட் போட்ட பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

மழைக்குப் பைப் போட்டோமே!

சட்டம் போட்டால் நடக்குமா என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. முணுமுணுத்தார்கள், கிண்டலடித்தார்கள், பேருக்குச் சிலர் பைப் வைத்தார்கள். ஆனாலும் ஊர் ஊராக மாடியிலிருந்து பைப் இறங்கியது. பழைய கட்டடத்தில்கூட இறங்கியது. இன்றைக்கு வீடு கட்டுகிற மேஸ்திரிக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவரே கேட்கிறார்.

இணையத்துக்கு அப்படி எதுவும் எழுதப்படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தகவல் தொடர்பு வசதிக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. 2024 அக்டோபரில் டிராய், கட்டடங்களுக்கு இணைப்பு வசதியை வைத்து நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையைக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் நட்சத்திரம் வேண்டி விண்ணப்பிக்கப் போவது மாலும் அடுக்குமாடியும். மாத்தூரில் இருபது அறை கட்டி வாடகைக்கு விடுகிறவர் நட்சத்திரத்துக்கு ஏன் அலைகிறார்? அவருக்கு இருபது அறையும் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியது சின்ன விஷயம். அறை அறையாக வாடகைக்கு விடும் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, அறைக்கு ஒரு முக்கால் அங்குல பைப், கரண்ட் பைப்பிலிருந்து தனியாக. அனுமதி வரைபடத்தில் ஒரு கோடு. "செலவு ஏறும்" என்பார்கள். சுவர் பூசுவதற்கு முன்னால் போட்டால் அது பைப் விலையும் எலக்ட்ரீஷியனின் அரை நாள் கூலியும். பூசிய பிறகு போட்டால்தான் காடி வெட்டி, பூசி, பெயின்ட் அடித்து என்று செலவு. இன்று மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் காசைவிட அது பல மடங்கு.

சட்டம் வரும்போது வரட்டும். இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் சுவர் பூசுவதற்குள் எலக்ட்ரீஷியனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, நெட் வயருக்குத் தனி பைப் விட்டாச்சா?" வீடு கட்டி முடித்தவர்கள் டிவிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியை முதலில் வெளியே எடுங்கள். பின் அறைக்கு எத்தனை மீட்டர் என்று டேப் வைத்து அளந்து, சுத்தச் செம்பில் அவ்வளவு கேபிள் வாங்கி வாருங்கள்.